கட்டாயக் கட்டம்

இங்கிலாந்திலிருந்து சைக்கிள் இருக்கை ஒன்று
வரவழைக்க உட்கார்ந்தேன், இரவு பதினொன்றுக்கு.
நகரம் என்றது படிவம். சிங்கப்பூர்.
நாடு என்றது. சிங்கப்பூர்.
கவுண்டி என்றது, சிவப்பு நட்சத்திரத்தோடு.
நிரப்பாமல் அடுத்த பக்கம் இல்லை.
மூன்றாம் முறையும் அதையே எழுத
வெட்கமாக இருந்தது,
ஒரே சேலையை மூன்று கல்யாணத்துக்குக்
கட்டிப்போவதுபோல.

கவுண்டி என்றால் என்னவென்று தேடினேன்.
அரசன் போன இடமெல்லாம்
கூடவே போனவன் ஒருவன் இருந்தானாம்.
துணைவன் என்பதே அவன் பட்டம்.
அந்தப் பட்டத்தோடு ஒரு துண்டு நிலம்:
வரி வாங்கு, வழக்குக் கேள்,
பாலம் இடிந்தால் பார்த்துக்கொள்.
துணைவன் செத்தான். அரசனும் செத்தான்.
பாலம் மட்டும் இடிந்துகொண்டே இருந்தது.

எனக்கு அது புரியும்.
அங் மோ கியோவில் நகர மன்றம் ஒன்றுக்குப்
பதினோரு வருடமாய்ப் புகார் வாங்குகிறவள் நான்.
மின்தூக்கியில் மூத்திரம்,
ஆறாம் மாடியில் அணைந்த விளக்கு,
புறா, புறாவுக்குச் சோறு போடுகிறவர்.

அன்று காலைதான் உடும்பு விவகாரம்.
கால்வாய்மேல் நடைபாலம்; நடுவில்
யாரும் தரையில் வரையாத ஒரு கோடு.
இப்பக்கம் நாங்கள், அப்பக்கம் அவர்கள்.
கோட்டின்மேல் ஐந்தடிக்குச் செத்துக் கிடந்தது.
தலை அவர்கள் பக்கம். வால் எங்கள் பக்கம்.
புளோக் 318 மதுரகவி இரண்டு முறை அழைத்தார்,
அப்புறம் படம் அனுப்பினார்,
அப்புறம் ஈக்களை மட்டும் பெரிதாக்கி ஒரு படம்.

எதிர் மன்றத்து ஹஸ்லிண்டாவிடம் சொன்னேன்:
தலை இருக்கும் இடம்தானே விலாசம்?
கனமெல்லாம் உங்கள் பக்கம் சிஸ், என்றாள்.
இருவரும் சிரித்தோம்.
இருவரும் வரைபடத்தைத் திறந்தோம்.

வரைபடத்துக்கு அடியில் இன்னொரு வரைபடம்,
நில அளவைக்காரர்கள் இன்னும் புழங்குவது.
முக்கிம் பதினெட்டு.
தங்கியிருப்பவன் என்று அரபியில் அர்த்தமாம்;
மலாய்க்கு வந்தபோது
தங்கிய மண்ணுக்கே பெயராகிவிட்டது.
சங்கிலி பிடித்து யாரோ அளந்த நாளில்
இங்கே ரப்பர் மரமும் பன்றிக் கொட்டிலும்.
அந்தக் கணக்கில் உடும்பு பிரிபடவில்லை,
முழுசாய் ஒரே முக்கிமில் கிடந்தது.
ஆனால் முக்கிமுக்குத் தொலைபேசி கிடையாது.
துடைப்பம் கிடையாது.

கல்வெட்டுக்காரர்களும் வைத்திருந்தார்கள்:
நாடு, வளநாடு, கூற்றம்.
கூறு போட்டதால் கூற்றம்.
உயிரையும் உடலையும் கூறு போடுகிறவனும் கூற்றம்.
எல்லைக்கும் எமனுக்கும் ஒரே சொல் வைத்தவன்
எங்கோ ஒரு மன்றத்தில்
என் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பதினொன்றரைக்கு சொஹேல் போனான்,
எங்கள் ஒப்பந்தக்காரரின் ஆள், குல்னாக்காரன்.
யாரையும் கேட்கவில்லை.
வாலைப் பிடித்து இழுத்தான், தலையும் வந்தது.
ஒரு பை போதவில்லை, இரண்டாவது பை.
பிறகு குழாய்த் தண்ணீர் விட்டுத் தேய்த்தான்,
கோட்டுக்கு அந்தப் பக்கமும் மூன்றடி.
அந்த மூன்றடிக்கு
அறிக்கையில் எந்தப் பத்தியும் இல்லை.
நானும் எழுதவில்லை.

கட்டத்தில் கூற்றம் என்று போடலாமா
எனக் கொஞ்ச நேரம் விளையாடினேன்.
கடைசியில் முக்கிம் 18 என்று அடித்தேன்.
படிவம் ஏற்றுக்கொண்டது.
எதையும் ஏற்றுக்கொள்ளும் அது, வெறுமையைத் தவிர.

பன்னிரண்டாம் நாள் பொட்டலம் வந்தது.
தபால்காரர் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்தார்,
மற்றதெல்லாம் அவருக்கு அலங்காரம்.
இருக்கை இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது.
நடைபாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகையில்
கண் தானாக நடுவைத் தேடுகிறது.
எங்கள் பக்கம் லேசாக ஒரு பழுப்புக் கறை.

ஹஸ்லிண்டா அழைக்கிறாள்.
அவர்கள் பக்கத்துக் கறைக்கு
இன்று காலை புகார் வந்திருக்கிறதாம்.
மதுரகவிதான்,
அக்கரையில் நடைப்பயிற்சி போனபோது.